கூட நடந்து கற்ற விசுவாசம்

பவுல் தம்முடைய இளைய தோழனான தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில், சபையாருக்கு அவன் மாதிரியாக இருக்க வேண்டும் என்கிறார். ‘மாதிரி’ என்று தமிழ் வேதாகமத்தில் வரும் இடத்தில் கிரேக்க மூலத்தில் நிற்கும் சொல் ‘டூபொஸ்’. ஓங்கி அடித்த இடத்திலும் அழுத்திய இடத்திலும் பதியும் தடம் என்பது அதன் அடிப்பொருள். உயிர்த்தெழுந்த ஆண்டவருடைய கைகளில் ஆணிகளின் காயத்தைப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று தோமா சொன்னபோது, அந்தத் தழும்பைக் குறிக்க யோவான் கையாளும் சொல்லும் இதுவே. ஆகவே இளையோருக்கு மாதிரியாக இருப்பது மேடையில் நின்று காட்டும் காட்சியன்று. ஒருவருடைய வாழ்க்கை இன்னொருவர்மேல் நெடுநாள் அழுந்திக் கிடந்து தடம் விடுவதே மாதிரி.

பனங்காட்டு ஊர்களில் இதற்கு விளக்கம் தேவைப்படாது. பதனீரைக் காய்ச்சிப் பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றுகிறார்கள். ஆறியபின் தட்டி எடுக்கும் கருப்பட்டியில் சிரட்டையின் வளைவு அப்படியே இருக்கும். உட்புறத்தில் ஒரு கீறல் இருந்தால் அந்தக் கீறலும் இருக்கும். பாகு சூடாக இருக்கும்போதுதான் அது பதியும், ஆறிக் கட்டியானபின் எந்தச் சிரட்டையில் வைத்தாலும் உருவம் மாறாது. இளமையில் நல்ல துணை கிடைப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதும், மூத்தவரின் கீறலும் சேர்ந்தே பதியும் என்பதும் இந்த ஒரு வேலையில் அடங்கியிருக்கின்றன.

தீமோத்தேயுவே அப்படி உருவானவன். பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முதலில் குடியிருந்த விசுவாசம் பிறகு அவனிடம் வந்தது என்று பவுல் நினைவுகூருகிறார். வீட்டில் தொடங்கியதைப் பவுல் வழிப்பயணத்தில் தொடர்ந்தார். லீஸ்திராவில் அவனைச் சேர்த்துக்கொண்டதிலிருந்து கப்பலிலும் காவலிலும் கூடாரத் தொழிலிலும் அவன் பவுலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொரிந்து சபையார் தம்மைப் பின்பற்ற வேண்டும் என்று எழுதிய பவுல், அதற்காகவே தீமோத்தேயுவை அவர்களிடம் அனுப்புவதாகச் சொல்கிறார். கடிதத்தோடு ஒரு மனிதனும் போனான், அவனைப் பார்த்தால் பவுலின் நடை தெரிந்துவிடும். தீத்துவுக்கு எழுதும்போதும் இதே முறைதான்: முதிர்வயதுள்ள பெண்கள் இளம்பெண்களைப் பழக்க வேண்டும், தீத்து வாலிபருக்குத் தானே மாதிரியாக நிற்க வேண்டும். பேதுரு சபை மூப்பருக்கு எழுதும்போது அதிகாரம் செலுத்துவதையும் மாதிரியாக இருப்பதையும் எதிரெதிரே நிறுத்திவிடுகிறார். இரண்டையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்பது அவருடைய தீர்ப்பு.

தென்காசி, குற்றாலம் பக்கத்துச் சபைகளின் வரலாறு இந்த வேத முறைமைக்கு இருநூறு ஆண்டுச் சான்று. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் ஆலங்குளம், சுரண்டை, சங்கரன்கோவில், சிவகிரி, கடையநல்லூர் எல்லாம் திருநெல்வேலியின் மேற்குப் பகுதியாகவே எண்ணப்பட்டன; செங்கோட்டை மட்டும் 1956 வரை திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்திருந்தது. ஆலங்குளத்தை அடுத்த நல்லூரும், சுரண்டையும், சங்கரன்கோவில் பக்கத்துப் பனைவடலியும் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திருச்சபை மிஷனரி சங்கத்தின் ஊழிய வட்டாரங்களாக இருந்தன. குற்றாலம் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி ஐரோப்பியர் வந்து தங்கிய குளிர்ச்சியான இடம். வட்டாரங்களின் பெயர் பலகைகளில் வெள்ளைக்கார மிஷனரிகளின் பெயர்கள் முதலில் நிற்கலாம். ஊருக்குள் குடியிருந்து விசுவாசத்தைப் பதித்தவர்களோ தமிழர்களே: உபதேசியார்களும் அவர்களுடைய மனைவியரும் எழுத்தறியாத பாட்டிமார்களும்.

திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கமே ஒருவர் இன்னொருவரைக் கைப்பிடித்து நடத்திய கதைதான். தஞ்சையைச் சேர்ந்த பிராமண விதவை கோகிலா, கிளாரிந்தா என்ற பெயரில் 1778-இல் பாளையங்கோட்டையில் ஜெர்மானிய மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1780-இல் எழுதப்பட்ட சபைப் பதிவில் 40 பேர் இருந்தனர். அங்கே குருவானவர் கிடையாது. ஷ்வார்ட்ஸ் தஞ்சையில் இருந்தார், இரண்டு ஊருக்கும் நடுவே பல நாள் பயணம். இடைப்பட்ட காலமெல்லாம் அந்தச் சிறு கூட்டம் கிளாரிந்தாவைப் பார்த்தே வளர்ந்தது. 1785-இல் ஆலயம் எழுந்தபோது அதற்கு முன்னின்றவரும் அவரே. பின்னர் ஷ்வார்ட்ஸ் தாம் பழக்கி வளர்த்த சத்தியநாதன் என்னும் உபதேசியாரைத் தெற்கே அனுப்பினார். சத்தியநாதன் 1790-இல் தஞ்சையில் குருப்பட்டம் பெற்று, பாளையங்கோட்டைக்கு முழுப் பொறுப்போடு வந்தார். அவரோடு சேர்ந்து உழைத்த டேவிட் சுந்தரானந்தம் தம்முடைய சாதிச் சனங்களிடம் போனார். 1799-இல் முதலூர் என்னும் கிறிஸ்தவக் குடியிருப்பு தோன்றியது. ஷ்வார்ட்ஸிடமிருந்து சத்தியநாதனுக்கு, சத்தியநாதனிடமிருந்து டேவிட்டுக்கு, டேவிட்டிடமிருந்து ஊர்ச்சனங்களுக்கு. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் தம்மிடம் கேட்டதை உண்மையுள்ளவர்களிடமும், அவர்கள் வழியாக மற்றவர்களிடமும் ஒப்புவிக்கச் சொன்ன வரிசை இருபதே ஆண்டுகளில் தாமிரபரணிக் கரையில் நிறைவேறியது.

ஷ்வார்ட்ஸ் வளர்த்த பிள்ளைகளில் இன்னும் இருவரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். திருநெல்வேலியில் 1774-இல் பிறந்த வேதநாயகத்தைச் சிறுவயதிலேயே தம்மோடு தஞ்சைக்கு அழைத்துச் சென்றார் ஷ்வார்ட்ஸ். அந்தப் பிள்ளை பின்னாளில் வேதநாயகம் சாஸ்திரியார் ஆனார். இன்றும் ஊர்தோறும் அவருடைய கீர்த்தனைகள் பாடப்படுகின்றன. தென்காசியை ஒட்டிய மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் திருக்குற்றாலக் குறவஞ்சியால் புகழ்பெறச் செய்த அதே இலக்கிய வகையில் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியைப் படைத்தார். ஜெர்மானியரான ஆசான் தமிழ்ப் பிள்ளையை ஜெர்மானியனாக்கவில்லை என்பதற்கு அந்த நூலே சாட்சி. தஞ்சை இளவரசர் சரபோஜியும் ஷ்வார்ட்ஸின் பாதுகாப்பில் இருந்தவர். அவர் கடைசிவரை தம் முன்னோரின் சமயத்திலேயே இருந்தார். ஆயினும் 1798-இல் ஷ்வார்ட்ஸ் இறந்தபின், இங்கிலாந்துச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மேனைக் கொண்டு அவருக்குச் சலவைக்கல் நினைவுச் சிற்பம் செய்வித்து தஞ்சை ஆலயத்தில் வைத்தார். மரணப்படுக்கையில் கிடக்கும் குருவின் கையை இளைய அரசர் பிடித்திருப்பதாக அந்தச் சிற்பம் காட்டுகிறது. ஒருவர் கவிஞராகி விசுவாசத்தைப் பாடினார். மற்றவர் விசுவாசத்தை ஏற்கவில்லை, அன்பை மறக்கவும் இல்லை. இருவரையும் ஷ்வார்ட்ஸ் ஒரே அக்கறையோடுதான் வளர்த்தார். பலனைக் கணக்குப் பார்த்து அன்பு காட்டியிருந்தால் இரண்டாவது கதை இருந்திருக்காது.

1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் இந்த முறையை விரிந்த அளவில் நடத்தினார். உபதேசியார்களுக்கு வகுப்பு வைத்தார், அவர்களை அடிக்கடி வரவழைத்தார், அவர்கள் எழுதிய நாட்குறிப்புகளைக் கேட்டார், தாமும் அவர்களோடு கிராமம் கிராமமாகப் போனார். புதிதாக விசுவாசத்துக்கு வந்து ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்த 1830-இல் தர்ம சங்கம் தொடங்கினார். பிரஷ்ய நாட்டு டோனா பிரபு கொடுத்த பணத்தில் உருவான ஊர் டோனாவூர். இளையவர்களுக்குப் பாடம் மட்டும் சொல்லிக்கொடுத்து அவர்கள் வீடிழந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியராக அவர் இருக்கவில்லை. அவருக்குக் கிடைத்த மரியாதை இதில் வந்ததே.

அந்த மரியாதையே ஒரு சோதனையாகவும் வந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் ஒழுங்குகளை விமர்சித்து எழுதியதற்காக 1835-இல் திருச்சபை மிஷனரி சங்கம் அவரை நீக்கியது. அவர் ஊரைவிட்டு வடக்கே போனார். அவரால் உருவான உபதேசியார்கள் பலர் திரும்பி வரும்படி அழைத்தார்கள், வந்தார். மிஷன் இரண்டாகப் பிரிந்தது. ஒரே ஊரில் இரண்டு கூட்டம், ஒரே குடும்பத்தில் இரண்டு பக்கம். 1838 ஜூன் 5-இல் அவர் இறந்தபின்தான் பிளவு மெல்ல ஆறியது, பெரும்பாலோர் மீண்டும் சங்கத்தோடு சேர்ந்தனர். ரேனியஸின் உழைப்பை எவரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த மூன்று ஆண்டுகள், வழிகாட்டுவோர் ஒவ்வொருவரும் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டிய பகுதி. நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று கொரிந்துவில் கட்சி கட்டியவர்களைப் பவுல் தடுத்தபோது, தம் பெயரைச் சொன்னவர்களைத்தான் முதலில் கண்டித்தார். தன்னைப் பின்பற்றும் இளைஞன் தன்னோடு நின்றுவிடாமல் கிறிஸ்துவிடம் போகிறானா என்று பார்ப்பது மூத்தவரின் கடமை. அவன் தன் பேச்சுமுறையை, கை அசைவை, தன் பகையைக்கூட எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தால் அங்கே ஏதோ பிசகியிருக்கிறது.

ஷ்வார்ட்ஸும் ரேனியஸும் புத்தகங்களில் இருக்கிறார்கள். புத்தகத்தில் இல்லாத உபதேசியார் வீட்டை நெருங்கிப் பார்த்தால்தான் மேற்குத் திருநெல்வேலியில் விசுவாசம் கைமாறிய விதம் விளங்கும்.

கோயிலை ஒட்டி ஒரு சிறு வீடு. விடியுமுன் உபதேசியார் எழுந்து மணி அடிப்பார், காலை ஜெபம். பகலில் அவரே பள்ளிக்கூட வாத்தியாராகவும் இருப்பார். பல ஊர்களில் இரண்டு வேலையும் ஒரே ஆளுக்கு. மாலையில் மறுபடியும் மணி. பனையிலிருந்தும் வயலிலிருந்தும் வந்தவர்கள் கைகால் கழுவிக்கொண்டு பாயில் உட்காருவார்கள், பிள்ளைகள் முன்வரிசையில். ஒரு வசனத்தை அவர் சொல்ல அவர்கள் சொல்வார்கள். படிக்கத் தெரியாத பாட்டிக்குச் சங்கீதம் மனப்பாடமாகத் தெரியும். பேரப்பிள்ளை தடுமாறினால் பின்வரிசையிலிருந்து அவள்தான் அடியெடுத்துக் கொடுப்பாள். அந்தச் சிறு வீட்டுக்குக் கதவு இருந்தும் ஒன்றும் மறைவில்லை. உபதேசியார் மனைவியிடம் எப்படிப் பேசுகிறார், சம்பளம் வராத மாதத்தில் கடையில் எப்படி நிற்கிறார், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி எப்படி ஜெபிக்கிறார் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை மறந்தவர்கள்கூட உபதேசியார் அம்மா தன் வீட்டு அரிசியில் கைப்பிடி எடுத்து காணிக்கைப் பானையில் போட்டுவிட்டு உலை வைத்ததை மறக்கவில்லை. சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி ஒதுக்கும் பழக்கம் தாயைப் பார்த்து மகளுக்கு வந்தது, அதற்கென்று ஒரு வகுப்பும் நடந்ததில்லை.

உபதேசியார்களுக்கு மாற்றல் உண்டு. சில ஆண்டுகளில் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். அவர் போனபின் மணியை யார் அடிப்பது, ஜெபத்தை யார் நடத்துவது என்ற கேள்வி வரும். நல்ல உபதேசியார் இருந்த ஊரில் அதற்கு ஏற்கனவே நாலைந்து வாலிபர் இருப்பார்கள். மற்ற ஊரில் கோயில் பூட்டிக் கிடக்கும். ஒருவர் இளையோரை வளர்த்தாரா என்பதற்கு இதைவிட எளிய சோதனை கிடையாது.

1854-இல் தாமஸ் ராக்லாண்ட் வடதிருநெல்வேலியில் தொடங்கிய கூடார ஊழியம் இதே பள்ளியைச் சாலைக்குக் கொண்டுவந்தது. சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் பக்கங்கள் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் உறுப்பினராக இருந்தவர், சென்னையில் சங்கத்தின் செயலாளராகப் பொறுப்பு வகித்தவர், அதையெல்லாம் விட்டுவிட்டு ஃபென், மெடோஸ் என்னும் இரு இளைய தோழர்களோடு கூடாரத்தில் குடியேறினார். தெற்கேயிருந்த பழைய சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைவைத்து அங்கே அனுப்பின. வந்தவர்கள் சில வாரங்கள் கூடாரத்தில் தங்கி, காலையில் ஒரு ஊர் மாலையில் ஒரு ஊர் என்று நடந்து, ராத்திரி ஒன்றாக உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததைப் பேசி ஜெபித்தார்கள். தங்கள் ஊருக்குத் திரும்பியபோது அந்த நடை அவர்களோடு போயிற்று. ராக்லாண்ட் 1858 அக்டோபர் 22-இல் 43 வயதில் சிவகாசியில் இறந்தார். அவர் கண்ணால் கண்ட அறுவடை மிகச் சிறியது. தோழர்கள் ஊழியத்தை விட்டுவிடாமல் தொடர்ந்தார்கள். தன் காலத்திலேயே பலன் பார்க்க வேண்டும் என்று துடிக்கும் இன்றைய ஊழியத்துக்கு அந்தக் கல்லறை நல்ல பாடம்.

இடையன்குடியில் 1841-இல் குடியேறிய கால்டுவெல் அரை நூற்றாண்டு அதே ஊரைத் தம் ஊராகக் கொண்டிருந்தார். மொழிநூல் அறிஞராக உலகம் அவரை அறியும். ஓர் ஊரில் பிறந்த பிள்ளை வளர்ந்து, மணமுடித்து, பேரப்பிள்ளை காணும்வரை ஒரே போதகரைப் பார்த்தது என்பது சபை வரலாற்றில் அதற்குக் குறையாத செய்தி.

டோனாவூரில் இந்த வளர்ப்பு ஒரு குடும்பமாகவே உருவெடுத்தது. அயர்லாந்தில் 1867-இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியா வந்து, மறு ஆண்டில் திருநெல்வேலிக்கு வந்தார். தாமஸ் வாக்கர் ஐயரிடம் தமிழ் கற்றார், சேலை கட்டினார், பொன்னம்மாள் முதலிய தமிழ்ப் பெண்களோடு மாட்டு வண்டியில் கிராமங்களுக்குப் போனார். அந்தப் பெண்கள் நகையைக் கழற்றிவிட்டு ஊழியத்துக்குப் போனது அக்காலத்துத் திருநெல்வேலியில் பெரிய பேச்சானது. நகையில்லாத பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்று தெரிந்தேதான் செய்தார்கள். 1901 மார்ச்சில் இந்துக் கோயிலிலிருந்து தப்பி வந்த சிறுமி பிரீனாவோடு பிள்ளைகள் இல்லம் தொடங்கியது. கைக்குழந்தைகளும் வரத் தொடங்கியபோது ஊர்ப் பிரசங்கத்தை விட்டுவிட்டுத் தொட்டில் ஆட்ட வேண்டியிருந்தது. ஊழியக்காரி செய்யும் வேலையா இது என்ற தயக்கம் சுற்றிலும் இருந்த காலம். பொன்னம்மாள் நெய்யூரில் குழந்தைகளோடு தங்கி, பாலைக் கொதிக்கவைத்துப் புகட்டி, இரவெல்லாம் விழித்திருந்து அந்த வேலையைச் செய்தார். அவரைப் பார்த்து மற்றப் பெண்களும் செய்தார்கள். அவர் 1915-இல் புற்றுநோயால் இறந்தார்; ஏமி அவருடைய வாழ்க்கையைத் தனிப் புத்தகமாகவே எழுதினார். மேல்நாட்டிலிருந்து வந்தவர் தம்முடைய தமிழ்த் தோழியை மற்றவர்களுக்கு மாதிரியாகக் காட்டி எழுதியது அந்தக் காலத்தில் அரிது.

டோனாவூரில் ஊழியர்களை அழைத்த முறையும் கவனிக்கத்தக்கது. தமிழ்ப் பெண்கள் அக்காள்கள், வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் சித்திகள், ஆண்கள் அண்ணாச்சிகள். மேலாளர், கண்காணிப்பாளர் என்ற பெயர்களுக்குப் பதில் இந்தப் பெயர்கள். பெயர் வெறும் பெயரன்று. கண்காணிப்பாளர் மாலை மணி அடித்ததும் போய்விடலாம், அக்காள் போக முடியாது. அண்ணாச்சியிடம் தவறை ஒத்துக்கொள்ளலாம், அதிகாரியிடம் மறைக்கத்தான் தோன்றும். 1931 அக்டோபரில் களக்காட்டில் குழியில் விழுந்து அடிபட்டபின் ஏமி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தம் அறையிலேயே இருந்தார். நடக்க முடியாத நிலையிலும் பிள்ளைகளையும் உடன் ஊழியர்களையும் ஒவ்வொருவராகச் சந்தித்தார், சிறு குறிப்புகள் எழுதி அனுப்பினார். 1951 ஜனவரி 18-இல் இறந்தபோது அவர் விருப்பப்படி கல்லறைக்கல் நடவில்லை. பறவைகள் நீர் குடிக்கும் தொட்டி ஒன்றை வைத்தார்கள்.

வழிகாட்டுதலின் கடைசிக் கட்டம் பொறுப்பைக் கையில் கொடுப்பது. இங்கேதான் நல்ல மூத்தவர்களும் தவறுகிறார்கள். வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் வாழ்க்கை இதற்கு விளக்கம். 1874-இல் வெள்ளாளன்விளையில் போதகர் வீட்டில் பிறந்தார். தகப்பனார் சிறுவயதிலேயே காலமானார். தாயார் எல்லன் கண்டிப்போடும் ஜெபத்தோடும் வளர்த்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் படிப்புக்குப்பின் 1895-இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகி ஊர் ஊராக வாலிபரிடையே வேலை செய்தார். 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கேயுள்ள தமிழ்ச் சபையார் தங்கள் காணிக்கையால் கடல் கடந்து தொண்டியில் ஊழியர் வைத்திருப்பதைக் கண்டார். தம்முடைய திருநெல்வேலி, அதைவிட எத்தனையோ பெரிய சபை, ஒருவரையும் அப்படி அனுப்பவில்லையே என்று மனம் குத்தியது. 1903 பிப்ரவரி 12-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஆள், பணம், நிர்வாகம் மூன்றும் இந்தியருடையவை. அசரியா அதன் செயலாளர். அப்போது அவருக்கு வயது 28. சபையின் பெரியவர்கள் அந்த வாலிபனை நம்பிப் பெட்டியையும் பேனாவையும் கொடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் கொடுக்காமல் இருந்திருந்தால், பத்து ஆண்டு பொறு என்று சொல்லியிருந்தால், தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் ஊழியமே எழுந்திருக்காது.

அசரியா தாமும் 1909-இல் தோர்ணக்கலுக்குப் போனார், தெலுங்கு கற்றார், 1912 டிசம்பர் 29-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1910-இல் எடின்பரோ மாநாட்டில் மேல்நாட்டு மிஷனரிகளிடம் அவர் வேண்டியது பணத்தையோ பதவியையோ அல்ல, நட்பை. தியாகம் செய்ய வந்தவர்கள்கூட இந்திய உடன் ஊழியனைச் சமமாக உட்காரவைத்துப் பேசவில்லை என்பது அவருடைய ஆற்றாமை. வளர்ப்பவர் வளர்ந்தவனைக் கடைசிவரை பிள்ளையாகவே வைத்திருந்தால் அது வளர்ப்பு ஆகாது. பவுல் தீமோத்தேயுவை ‘என் குமாரன்’ என்றும் எழுதினார், ‘உடன்வேலையாள்’ என்றும் எழுதினார். முதல் பெயர் இரண்டாவதை நோக்கிப் போக வேண்டியது.

இளையவன் தவறிவிட்டால் என்ன செய்வது என்பது ஊர்ச்சபையில் அடிக்கடி எழும் கேள்வி. மாற்கு பம்பிலியாவில் பயணத்தைப் பாதியில் விட்டுத் திரும்பியவன். அவனை மறுபடியும் அழைத்துப்போகப் பவுல் சம்மதிக்கவில்லை. பர்னபா அவனைச் சேர்த்துக்கொண்டு சீப்புருவுக்குப் போனார். பல ஆண்டுகளுக்குப்பின் பவுலே அவனை ஊழியத்தில் பிரயோஜனமானவன் என்று சொல்லி வரவழைத்தார். பர்னபா அன்று கைவிட்டிருந்தால் அந்தக் கடைசி வரி எழுதப்பட்டிருக்காது. சிறிய ஊரில் ஒரு பையன் குடித்துவிட்டு விழுந்த செய்தி அடுத்த தெருவுக்குப் போக அரைமணி நேரம் போதும். அதன்பின் அவன் கோயிலுக்கு வர வெட்கப்படுவான். அவனைத் தேடி வீட்டுக்குப் போகும் ஒரு மூத்தவர் இருந்தால் அவன் திரும்புகிறான். மூத்தவர் தவறினாலும் இதே நியாயம்தான். அந்தியோகியாவில் பேதுரு பின்வாங்கியபோது பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கண்டித்தார். பேதுரு அதன்பின் ஒதுங்கிப் போய்விடவில்லை. ‘நான் செய்தது தப்பு’ என்று பிள்ளைகள் முன்பாகச் சொல்லத் தெரிந்த தகப்பன் விட்டுப்போகும் தடம் ஆழமானது.

நெருக்கத்துக்கு ஒரு வேலியும் வேண்டும். சிறுவர், வாலிபரோடு பழகும் எவரும் திண்ணையில், வெளிச்சத்தில், மற்றவர் பார்வையில் பழக வேண்டும். பிள்ளை பெற்றோரிடம் மறைக்கும்படி எதையும் சொல்லக் கூடாது. காணிக்கைப் பணத்துக்கு இரண்டு பேர் கணக்குப் பார்ப்பது போலவே இதற்கும் கணக்கு வேண்டும். சபை தன் பிள்ளைகளைக் காப்பது விசுவாசத்தின் ஒரு பகுதி; பெயர் கெட்டுவிடும் என்று எதையும் மூடிவைப்பது பிள்ளையை இன்னொருமுறை காயப்படுத்துவது.

இன்றைய தென்காசி வட்டாரம் பழைய ஊர்ச்சபைக்கு அந்நியமல்ல, ஆனாலும் அதன் நாள் வேறுவிதமாக ஓடுகிறது. ஆலங்குளம், சுரண்டை, கடையம் பக்கத்துத் திண்ணைகளில் பெண்கள் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். இலையை அளவாக வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நுனியை மடித்து, நூலால் கட்டும் கை நிற்பதில்லை. அந்தத் திண்ணையில்தான் மகள் ஞாயிறு பள்ளித் தேர்வுக்கு வசனம் ஒப்பிக்கிறாள், தாய் கையை நிறுத்தாமல் தவறைத் திருத்துகிறாள். லோவிசாளும் ஐனிக்கேயாளும் இப்படித்தான் செய்திருப்பார்கள். படித்து முடித்த பையன்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விடுகிறார்கள். திடப்படுத்தல் பெற்று முதல் நற்கருணை எடுத்த மறு ஆண்டே பலர் ஊரில் இல்லை. அவர்களுக்கு ஊரில் உள்ள ஒருவர் வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசுவதும், போன ஊரில் உள்ள சபையில் அறிமுகப்படுத்துவதும், விடுமுறையில் வந்தால் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுவதும் பழைய உபதேசியார் வேலையின் புதிய உருவம். தொலைபேசித் திரையில் ஆயிரம் பிரசங்கம் கிடைக்கிறது. அவற்றில் ஒன்றாலும் அந்தப் பையன் சாப்பிட்டானா என்று கேட்க முடியாது.

பண்டிகை அசனத்தில் இந்தப் பழக்கம் இன்னும் உயிரோடிருக்கிறது. பெரிய அண்டாவில் சோறு வேகும்போது துடுப்பு போடும் முதியவருக்குப் பக்கத்தில் ஒரு வாலிபன் நிற்பான். முதலில் விறகு தள்ளுவான், அடுத்த ஆண்டு சோறு வடிப்பான், சில ஆண்டுகளில் உப்பு பார்ப்பதும் அவன் பொறுப்பாகிவிடும். அவனைப் பந்தியில் கடைசியாக உட்காரும்படி யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதியவர் எல்லாருக்கும் பரிமாறியபின் சாப்பிட்டதைப் பார்த்துத் தானும் அப்படியே செய்கிறான். ஜெபக்கூட்டத்துக்கும் நோயாளி சந்திப்புக்கும் துக்க வீட்டுக்கும் இதே வழியை விரிக்க என்ன தடை? துக்க வீட்டுக்குப் போகும் குருவானவரோடு பதினாறு வயதுப் பிள்ளை ஒருவனும் போகலாம். என்ன பேசுவது என்று தெரியாமல் அவர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதே அவனுக்கு ஒரு வேதபாடம்.

ஜூன் மாதம் சாரல் பிடித்ததும் தென்மாவட்டத்துச் சபை வாலிபர்கள் வேன் பிடித்துக் குற்றாலத்துக்கு வருகிறார்கள். பேரருவியில் குளித்து, ஐந்தருவிக்குப் போய், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, பாட்டுப் பாடிக்கொண்டு திரும்புகிறார்கள். பெரும்பாலும் அந்த வேனில் அவர்கள் வயதுக்காரர்கள் மட்டுமே இருக்கிறார்கள். பெரியவர்கள் வாடகைக்குப் பணம் கொடுத்துவிட்டு வீட்டில் தங்கிவிடுகிறார்கள். வரும் சீசனில் ஒவ்வொரு சபை வேனிலும் ஒரு பெரியவர் ஏறட்டும். பேச்சு எதையும் தயாரித்துக்கொண்டு போக வேண்டாம். பிள்ளைகளோடு அருவியில் நனைந்து, அவர்கள் பகிர்ந்து தருவதைச் சாப்பிட்டு, திரும்பும் வழியில் அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வந்தால் போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களில் ஒருவன் அவரைத் தேடி வருவான். அப்போது அவர் வீட்டில் இருக்க வேண்டும்.